உயர்தரப் பரீட்சையின் விதிகள் யாருக்குச் சொந்தம்?

கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சை இலங்கையின் இளைஞரை இருகூறாக்குகின்றது என்பது பழைய செய்தி. அக்கூறாக்கம் பரீட்சை மண்டபத்தில் நிகழ்கின்றது என்பதே பொதுவான நம்பிக்கை. அந்நம்பிக்கை பிழையானது. மாணவன் மண்டபத்தினுட் காலடி வைப்பதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, அவன் தன் பாடங்களைத் தெரிவு செய்யும் அந்தச் சில வாரங்களிலேயே, மற்றொரு பிரிவு ஓசையின்றி நடந்து முடிந்துவிடுகின்றது. பரீட்சை எதனைக் கேட்கும், எவ்வாறு புள்ளியிடும், அப்புள்ளி எவ்வாறு வேறோர் எண்ணாக மாறும், அவ்வெண் எந்தக் கதவைத் திறக்கும் என்பவற்றை அறிந்தோர் ஒருபுறம் நிற்கின்றனர். இவற்றுள் ஒன்றையும் அறியாது, 'நன்றாகப் படித்தாற் போதும்' என்ற ஒரேயோர் அறிவுரையுடன் புகுவோர் மறுபுறம் நிற்கின்றனர். அவ்வறிவுரையை வழங்கியோர் நல்லவர்களே. அறிவுரைதான் போதாது.

மன்னார்ப் பெருநிலப்பரப்பின் கரையோரத்தில், நானாட்டான் பிரதேச செயலாளர் பிரிவில், வங்காலைக்கு அணித்தாக உள்ள நறுவிலிக்குளம் இவ்விரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்த ஊர். மரத்தின் பெயரையும் குளத்தின் பெயரையும் ஒருங்கே தாங்கிய இத்தகைய ஊர்கள் அம்மாவட்டத்திற் பல உள. ஒருபுறம் கடல், மறுபுறம் கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பிய வயல். போரினால் அலைக்கழிந்து மீண்ட குடும்பங்கள். இங்குள்ள பெற்றோர் கல்வியை மதியாதவர்கள் என்று கூறுவார் எவராயினும் அவர் மன்னாரை அறியாதவர். பிள்ளையின் படிப்புக்காக நகை ஈடுவைக்காத வீடு அப்பகுதியில் அரிது. எனினும் நகையை ஈடுவைத்துப் பெறும் பணத்தை எங்கே, எந்தப் பாடத்துக்கு, எப்பொழுது செலவிடவேண்டும் என்று சொல்லித்தர அங்கு ஒருவரும் இல்லை.

சில செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகள் 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 எனப் பிரிக்கப்பட்டுள்ளன. விஞ்ஞானப் பிரிவு உயர்தர வகுப்புகள் நடைபெறுவது முதலாவது வகையில் மட்டுமே. 1சி பாடசாலையிற் கலையும் வர்த்தகமும் உண்டு. ஏனையவற்றில் உயர்தரமே இல்லை. தன் பிள்ளை படிக்கும் பாடசாலை எவ்வகையைச் சேர்ந்தது என்பதைச் சாதாரணதரப் பெறுபேறு வந்தபின்னரே பல பெற்றோர் அறிகின்றனர். விஞ்ஞானம் விரும்பிய பிள்ளை அப்பொழுதுதான் வேறு பாடசாலை தேடிப் பேருந்து ஏறுகின்றது. அங்கும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லையெனின், உயிரியற் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுக்கலாம் என்ற விதி அப்பிள்ளைக்கு உதவியாகத் தோன்றும். வயல் சார்ந்த ஊரிற் பிறந்தமையால் அப்பாடம் இயல்பாகவும் இருக்கும். அத்தெரிவினால் விவசாய பீடத்தின் கதவு திறந்தே இருக்கும் என்பது மெய். ஆயின் மருத்துவ பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை என்பதையும், அந்த ஒரு கையெழுத்துடன் அக்கதவு மூடப்பட்டுவிட்டது என்பதையும் அப்பிள்ளைக்கு யார் சொன்னார்? மருத்துவராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, மருத்துவராக முடியாத பாடங்களை இரண்டாண்டு படிக்கும் பிள்ளைகள் உளர் என்பதைக் கிராமப்புற ஆசிரியர் எவரும் மறுக்கமாட்டார்.

இனி, ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் சித்தியடைய வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையிற் குறைந்தது 30 புள்ளி பெறவேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைத் தோற்றல்களே கணக்கில் எடுக்கப்படும். பாடசாலைப் பரீட்சார்த்திக்கு 80 சதவீத வரவு வேண்டும். இவையெல்லாம் நான்கு வரியில் எழுதிவிடக்கூடிய செய்திகள். நகரத்துப் பிள்ளைக்கு இவை அண்ணனோ அயல்வீட்டாரோ சொல்லித் தெரிந்தவை. கிராமத்திலோ 'ஒருமுறை எழுதிப் பார்ப்போம்' என்று ஆயத்தமின்றி முதற் தோற்றலைச் செலவழித்துவிட்ட பின்னர், மூன்றில் ஒன்று போய்விட்டது என்பது தெரியவருகின்றது. பொதுச் சாதாரணப் பரீட்சை பொதுஅறிவுதானே என்று புறக்கணித்து, மூன்று பாடமும் சித்தியடைந்தும் அந்த 30 புள்ளிக்காக வாசலில் நின்றோர் கதை வேறு.

இவ்விதிகளின் அறியாமையினும் பெரிய அறியாமை ஒன்றுண்டு. அது புள்ளி எவ்வாறு எண்ணாகின்றது என்பது பற்றியது. 2001 ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதி மூலப்புள்ளிகளின் கூட்டுத்தொகையைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதில்லை. இசட் புள்ளியைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரதும் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்தால் அப்பாடத்துக்கான இசட் புள்ளி கிடைக்கும். மூன்று பாடங்களினதும் சராசரியே மாணவனின் இறுதி எண். விளக்கத்துக்காக ஓர் உதாரணம் காண்போம். ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 20 என்க. அதில் 70 பெற்றவனின் இசட் புள்ளி 1.5. மற்றொரு பாடத்தின் சராசரி 55, நியம விலகல் 15 என்க. அதிலும் அதே 70 பெற்றவனின் இசட் புள்ளி 1.0 மட்டுமே. இன்னும் கீழே சென்றால், முதற்பாடத்தில் 50 பெற்றவன் 0.5 என நேரெண்ணில் நிற்க, இரண்டாம் பாடத்தில் அதே 50 பெற்றவன் மறை எண்ணுக்குள் விழுந்துவிடுகின்றான். 'இலகுவான பாடத்தை எடு. கூடிய புள்ளி வரும்' என்ற ஊர்வழக்கின் அடித்தளம் இத்தோடு தகர்கின்றது. கூடிய புள்ளி எல்லோருக்கும் வரும் பாடத்திற் கூடிய புள்ளிக்கு மதிப்பில்லை. இதனைக் கேட்டுவிட்டுக் கடினமான பாடமே நன்று என்று ஓடுவதும் பேதைமையே. எவருடன் போட்டியிடுகின்றோம், அவர்களுள் எவ்விடத்தில் நிற்கக்கூடும் என்பதே நோக்கற்பாலது. பத்தாம் தரக் கணிதம் அறிந்த எவரும் அரைமணி நேரத்தில் விளங்கிக்கொள்ளத்தக்க இச்செய்தியை, எத்தனை உயர்தர வகுப்புகளிற் கரும்பலகையில் எழுதி விளக்கியுள்ளனர்?

இசட் புள்ளியையும் 'தரப்படுத்தல்' என்றே அழைத்து, 1970களின் காயத்தோடு சேர்த்துப் பேசும் வழக்கம் தமிழரிடையே உண்டு. காயம் மெய்யானது. 1970 ஆம் ஆண்டுப் பரீட்சைப் பெறுபேறுகளைக் கொண்டு அடுத்த ஆண்டு பொறியியற் பீடத்துக்கு மாணவரைத் தெரிந்தபோது, 400 இற்குச் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 உம் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 உம் வெட்டுப்புள்ளிகளாயின. 1973 இல் மொழிமூலவாரியான தரப்படுத்தல் வந்தது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு அதனோடு சேர்ந்தது. 1976 இல் அது மீண்டும் மாற்றப்பட்டது. 1977 ஆட்சிமாற்றத்தின் பின் தரப்படுத்தல் கைவிடப்பட்டு, 1979 இல் 30 சதவீதம் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 15 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற பங்கீடு வந்தது. இவ்வரலாற்றை இன அடிப்படையில் மட்டுமே வாசிப்போர் அதன் மற்றொரு கொடுமையைக் காணத் தவறுகின்றனர். எழுதி முடித்த பரீட்சைக்குப் பின்னர் விதி எழுதப்பட்டது. படிக்கத் தொடங்கியபோது இருந்த விதி, முடித்தபோது இல்லை. மாணவன் தன் உழைப்பினாற் கட்டுப்படுத்த முடியாத ஒன்றாக விதி மாறிய கணமே, அச்சொல்லுக்குத் தமிழில் உள்ள மற்றைய பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. அன்றுதொட்டு ஊரவர் பெறுபேற்றைத் தலைவிதி என்று ஏற்கப் பழகினர்.

அந்தப் பழக்கத்துக்கு அதிகாரிகளும் அவ்வப்போது உரமிட்டு வந்துள்ளனர். 2011 இற் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் ஒரே ஆண்டிற் பரீட்சை எழுதினர். வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதிய இரு கூட்டத்தினரையும் ஒரே குடித்தொகையாகக் கொண்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டது. 2012 ஜூன் மாதத்தில் உயர்நீதிமன்றம் அக்கணிப்பை இரத்துச் செய்து, இரு கூட்டத்தினருக்கும் தனித்தனியே கணிக்குமாறு கட்டளையிட்டது. வழக்காடியோர் யாவர்? இசட் புள்ளி இன்னதென்று அறிந்தவர்களும் சட்டத்தரணியை அணுக வசதியுள்ளவர்களும். தனக்குக் கிடைத்த எண் பிழையாக இருக்கலாம் என்று ஐயுறுவதற்கே அந்த எண் எவ்வாறு பிறந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பாக்குநீரிணையின் மறுகரையிலும் இதே நாடகம் நடந்தது. தமிழ்நாட்டில் 2016 இல் நீட் தேர்விலிருந்து ஓராண்டு விலக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டும் கிடைக்குமென்று அரசியலாளர் கடைசிவரை நம்பிக்கையூட்டினர். 2017 ஓகஸ்ட் 22 இல் நீட் அடிப்படையிலேயே அனுமதி என்று இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. அரியலூர் மாவட்டத்துக் குழுமூரைச் சேர்ந்த அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200 இற்கு 1176 பெற்றவர். நீட்டில் 720 இற்கு 86. நீதிமன்றம்வரை சென்று முறையிட்ட அம்மாணவி செப்டெம்பர் 1 ஆம் நாள் உயிர்துறந்தார். 1176 எடுக்கத் தெரிந்த ஒருவருக்கு அறிவு இல்லை என்று எவர் சொல்ல முடியும்? ஒரு பரீட்சையின் எதிர்பார்ப்பை முற்றாக உணர்ந்திருந்தவர் மற்றொரு பரீட்சையின் எதிர்பார்ப்புக்குமுன் நிறுத்தப்பட்டார். அதனைப் பழகுவதற்கு வேண்டிய பணமும் காலமும் அவரிடம் இருக்கவில்லை.

இனி விடைத்தாளுக்கு வருவோம். இங்குதான் பல்கலைக்கழகத்தார் செவிசாய்க்க வேண்டிய பகுதி உள்ளது. உயர்தர வினாக்கள் ஓர் ஏவற்சொல்லில் முடிகின்றன: குறிப்பிடுக, விவரிக்க, விளக்குக, ஒப்பிடுக, ஆராய்க, மதிப்பிடுக. இவை ஒரு பொருட் பன்மொழியல்ல. 'குறிப்பிடுக' என்றால் ஒரு சொல்லோ ஒரு வாக்கியமோ போதும். அதற்கு ஒரு பக்கம் எழுதியவன் நேரத்தை இழக்கின்றான். 'விளக்குக' என்றால் காரணம் வேண்டும். 'ஆராய்க' என்றாற் சார்பும் எதிரும் சான்றும் எழுதுவோன் தீர்ப்பும் வேண்டும். இவ்வேறுபாடு புள்ளியிடும் திட்டத்தில் மிகத் தெளிவாக உள்ளது, வகுப்பறையில் இல்லை. வாசாப்பும் நாட்டுக்கூத்தும் இன்றும் ஆடப்படும் கரையோரத்துப் பிள்ளை, நாடகமும் அரங்கியலும் பாடத்தை எடுக்கின்றது என்று கொள்வோம். அண்ணாவியாரின் மத்தளத்துக்குச் சிறுவயது முதல் ஆடிய கால்கள் அதனுடையவை. கூத்தின் அமைப்பை ஆராயுமாறு வினா வருகின்றது. பிள்ளை தான் கண்ட கூத்தைத் தொடக்கம் முதல் மங்களம்வரை விவரித்து ஐந்து பக்கம் எழுதுகின்றது. ஐந்து பக்கத்திலும் பிழையான ஒரு வரி இல்லை. வினா கேட்டதற்கான விடையும் இல்லை. கூத்தை நூலில் மட்டும் கண்ட நகரத்து மாணவன், தரப்பட்ட தலைப்புகளின்கீழ் இரண்டரைப் பக்கம் எழுதி இருமடங்கு புள்ளி பெறுகின்றான். பரீட்சகர் அநீதி இழைத்தாரல்லர். அவர் கையில் இருந்த திட்டத்தின்படியே புள்ளியிட்டார். ஆயின் அத்திட்டம் எதனை அளந்தது? கூத்தறிவையா, வினாவறிவையா?

இதே நிலைதான் விஞ்ஞானப் பாடங்களிலும். பல்தேர்வு வினாக்களிற் பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை. எனினும் தெரியாத வினாவை வெறுமையாக விடுவதே நேர்மை என்று எண்ணி விட்டுவரும் பிள்ளைகள் உளர். இணைந்த கணிதத்தின் ஒவ்வொரு தாளிலும் பகுதி ஏ இற் பத்துச் சிறுவினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. பகுதி பி இல் ஏழில் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 150. இறுதி விடை பிழைத்தாலும் சரியான படிகளுக்குப் புள்ளி உண்டு. இதை அறியாதவன், விடை வரவில்லையே என்று முழுக்கணக்கையும் குறுக்கே கோடிட்டு வெட்டிவிடுகின்றான். தன் கையாலேயே தனக்குரிய புள்ளிகளை அழிக்கும் அந்தக் கோடு, வறுமையின் கோடு.

திருவிளையாடற் புராணத்துத் தருமியின் கதை இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. பாண்டியன் தன் மனத்தெழுந்த ஐயத்தை வெளியிடாமல், அதனைத் தீர்க்கும் பாட்டுக்கே பொற்கிழி என்று அறிவித்தான். வினாவும் மன்னன் மனத்தில். புள்ளியிடும் திட்டமும் மன்னன் மனத்தில். சங்கத்துப் புலவர்களே திகைத்து நின்ற அப்போட்டியில் வறியவனாகிய தருமி வெல்ல வேண்டுமாயின் இறைவனே பாட்டெழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று அவ்விடத்தைத் தனியார் வகுப்பு ஆசிரியர் பிடித்துள்ளார். ஆலவாய் இறைவன் கட்டணம் வாங்கவில்லை என்பதே வேறுபாடு.

தனியார் வகுப்பு விற்பது பாட அறிவை மட்டுமன்று. விடைத்தாள் திருத்தும் நிலையத்தில் இருந்துவந்த ஆசிரியரின் அநுபவத்தையும் அது விற்கின்றது. 'இவ்விடத்தில் இந்தச் சொல் இல்லாவிட்டாற் புள்ளி இல்லை' என்ற அந்த ஒரு வாக்கியத்துக்காகவே மாணவர் கூட்டம் மொய்க்கின்றது. அரசாங்கச் செலவில், அரசாங்கப் பரீட்சையில் ஈட்டப்பட்ட அவ்வறிவு, பாடசாலை மணி அடித்தபின்னர் கட்டணத்துக்கு விற்கப்படுகின்றது. இலவசக் கல்வியைப் பெருமையாகப் பேசும் நாட்டில் இதனைக் களவு என்று சொல்ல ஒருவரும் துணியவில்லை.

விதிகள் எல்லாம் வெளியிடப்பட்டே உள்ளன என்று அதிகாரிகள் விடை கூறுவர். கூற்று மெய்யே. பரீட்சைத் திணைக்களம் பாடவாரியாக மதிப்பீட்டு அறிக்கைகளை வெளியிடுகின்றது. எந்த வினாவுக்கு எத்தனை வீதத்தினர் சரியாக விடையளித்தனர், பிழைத்தோர் எங்கே பிழைத்தனர் என்பவற்றை விரித்துரைக்கும் அவ்வறிக்கைகள் மிகப் பயனுடையவை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் அனுமதிக் கைந்நூல் வெளியிடுகின்றது. சுற்றறிக்கைகள் உள. இணையத்தளங்கள் உள. ஆயின் வெளியிடுதல் வேறு, அறிவித்தல் வேறு. மதிப்பீட்டு அறிக்கை என ஒன்று உண்டென்று அறிந்தவனே அதனைத் தேடுவான். கைந்நூல் மாணவன் கைக்கு வருவது பெறுபேறு வந்த பின்னர். பாடத்தெரிவு நிகழ்ந்ததோ அதற்கு இரண்டாண்டுக்கும் மேலாக முன்னர். பயணம் முடிந்தபின் வழிகாட்டி வந்து சேர்கின்றது. அவ்வெளியீடுகளின் தமிழோ ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் சிந்தித்துத் தமிழெழுத்தில் வார்த்தது. ஒரு வாக்கியம் எட்டு வரி ஓடி, எழுவாய் எங்கே போனதென்று தேடவைக்கும். கல்வித்துறையினர் கணிப்பீடு என்றும் மதிப்பீடு என்றும் இரு சொற்களை நுட்பமாக வேறுபடுத்தி வழங்குவர். ஆசிரியர்களுட் பலருக்கே அவ்வேறுபாடு கலாசாலையுடன் மறந்துபோய்விட்டது. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்காக ஒப்படைகளைக் கட்டுக்கட்டாகச் செய்யும் பிள்ளைக்கு, அவற்றில் ஒரு புள்ளியேனும் தன் இசட் புள்ளியிற் சேராது என்பது தெரியாது.

பிற நாடுகளில் இவ்வாறில்லை. பிரித்தானியப் பரீட்சைச் சபைகள் தம் வினாத்தாள்களையும் அவற்றுக்கான புள்ளியிடும் திட்டங்களையும் பரீட்சகர் அறிக்கைகளையும் இணையத்தில் வெளியிடுகின்றன; அங்குள்ள பாடசாலைகளில் மாணவர் பழைய விடைகளுக்குத் தாமே புள்ளியிட்டுப் பழகுவது வழக்கமான பாடம். ஜெனீவாவைத் தலைமையகமாகக் கொண்ட இன்ரர்நஷனல் பக்கலோரியேற் அமைப்பு, ஏவற்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் வரைவிலக்கணம் எழுதிப் பாடத்திட்டத்திலேயே அச்சிடுகின்றது. இதற்கு மேனாட்டைத்தான் நோக்கவேண்டும் என்பதுமில்லை. நன்னூலார் இலக்கணம் சொல்லப் புகுமுன் பாயிரத்தில் நூலின் இயல்பு, ஆசிரியரின் இயல்பு, கற்பிக்கும் முறை, கற்கும் முறை ஆகியவற்றை விரித்துவைத்தார். நூலை எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பதற்கு 32 உத்திகளையும் எண்ணிவைத்தார். முதலில் விதியைச் சொல்லிவிட்டுப் பின்னர் நூலுக்குள் அழைத்துச் செல்வது தமிழ்க் கல்வி மரபு. அதனை மனனம் செய்வித்துப் புள்ளி வழங்கும் பரீட்சையே அம்மரபை மீறி நிற்கின்றது.

இங்கு ஒரு மறுப்பு எழும். அதனை எழுப்புவோர் பெரும்பாலும் விரிவுரையாளர்கள். பரீட்சைத் தந்திரங்களைக் கற்பித்தாற் கல்வி தாழ்ந்துவிடும். மாணவன் அறிவைத் தேடாது புள்ளியைத் தேடுவான் என்பர். கேட்பதற்கு இனிய கூற்று. ஆயின் இதனைக் கூறுவோரின் பிள்ளைகள் எந்த வகுப்புக்குச் செல்கின்றனர் என்று விசாரித்தறிதல் நன்று. விதியை அறிந்தவன் அதனைப் பற்றிக் கவலையுறாது பாடத்திற் புகலாம். அறியாதவனோ ஒவ்வொரு வரியையும் 'இது வருமா, வராதா' என்று அஞ்சியே படிக்கின்றான். எதிர்பார்க்கை வினாக்களை நம்பிப் பாதிப் பாடத்திட்டத்தைக் கைவிடுபவனும் அவனே. பரீட்சைக்கு அடிமையாவோர் அதன் உள்ளமைப்பை அறியாதோர்தாம். ஏவற்சொற்களின் பொருளைக் கற்பது தந்திரமன்று. அது மொழிக் கல்வி. 'விவரி'க்கும் 'ஆராய்'க்கும் வேறுபாடு தெரியாத மாணவர் முதலாம் ஆண்டு விரிவுரை மண்டபத்தில் வந்தமர்கின்றனர் என்று ஆண்டுதோறும் முறையிடுவோரும் இதே விரிவுரையாளர்கள் அல்லரோ?

மற்றொரு மறுப்பு வெளிப்படையாகச் சொல்லப்படாது, உள்ளே இருக்கும். மன்னாருக்குத்தான் ஒதுக்கீடு உண்டே, இன்னும் என்ன என்பது அது. அனைத்துத் தீவுத் திறமைக்கு 40 சதவீதம், மாவட்டச் சனத்தொகைக்கேற்ப 55 சதவீதம், கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு 5 சதவீதம் என்பது இன்றைய பங்கீடு. அப்பதினாறினுள் மன்னாரும் ஒன்று. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது யாழ்ப்பாணம் இழந்தது. மன்னார், வவுனியா போன்ற மாவட்டங்களுக்கு அதற்கு முன் இல்லாத ஒரு வழி திறந்தது. இவ்விரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்துக்குரியது. ஊருக்கோ குடும்பத்துக்கோ உரியதன்று. மாவட்டம் பிள்ளை படித்த பாடசாலையைக்கொண்டு தீர்மானிக்கப்படுகின்றது என்ற விதியை வரிக்குவரி படித்து, உரிய காலத்தில் பிள்ளையைப் பின்தங்கிய மாவட்டமொன்றின் பாடசாலையிற் சேர்த்துவிட்டு, வகுப்புக்கு மட்டும் பழைய நகரத்துக்கே அனுப்பும் பெற்றோர் இலங்கையெங்கும் உளர். மன்னார் போன்ற சிறிய மாவட்டத்துக்குக் கிடைக்கும் மருத்துவ, பொறியியல் இடங்கள் மிகச் சொற்பம். ஓரிரு குடும்பங்களின் கணக்கே அங்கு ஒரு கிராமத்தின் கனவை இடித்துவிடப் போதும். ஒதுக்கீட்டின் பயனைப் பெறுவதற்கும் விதியறிவே வேண்டியிருக்கின்றது என்றால், விதியறிவில்லாதோருக்கு அவ்வொதுக்கீடு யாது செய்யும்?

கல்வியமைச்சைக் குறைகூறி இக்கட்டுரையை முடித்துவிடுவது எளிது. அமைச்சு செய்யவேண்டியவை உண்டு. சாதாரணதர வகுப்பிலேயே பாடத்தெரிவின் விளைவுகளை எளிய தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்தல் வேண்டும். மதிப்பீட்டு அறிக்கைகளையும் புள்ளியிடும் திட்டங்களையும் உயர்தர வகுப்புள்ள எல்லாப் பாடசாலைகளின் நூலகங்களுக்கும் விலையின்றி அனுப்புதல் வேண்டும். விடைத்தாள் திருத்தும் பணிக்குக் கிராமப்புற ஆசிரியரை வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். அவர் தம் பாடசாலைக்குத் திரும்பும்போது கொண்டுசெல்லும் அறிவு எந்தக் கருத்தரங்கினும் பெரிது. இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

ஆயினும் வினாத்தாள்களைத் தயாரிப்போரும் பிரதம பரீட்சகராக இருப்போரும் பெருமளவிற் பல்கலைக்கழக ஆசிரியர்களே. எதிர்பார்ப்பு எது என்பது அவர்கள் மேசையிலேதான் பிறக்கின்றது. இரகசியமாக இருக்கவேண்டியது வரப்போகும் வினா. கடந்த ஆண்டு வினாவுக்கு எத்தகைய விடை எதிர்பார்க்கப்பட்டது என்பதிற் காக்கவேண்டிய இரகசியம் யாது? தாம் புள்ளியிட்ட விடைகளில் மாணவர் எங்கே வழுக்கினர் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் பத்துப் பக்கம் தமிழில் எழுத ஒரு துறையினருக்கு ஒரு விடுமுறை போதும். பதவியுயர்வுக்கு அப்பத்துப் பக்கம் கணக்கில் வராது என்பதே அது எழுதப்படாமைக்குக் காரணம் போலும்.

மாணவரும் தப்ப முடியாது. தமிழ் மாணவர் அமைப்புகள் வடக்குக் கிழக்கெங்கும் ஆண்டுதோறும் உயர்தர மாணவருக்குக் கருத்தரங்குகளும் முன்னோடிப் பரீட்சைகளும் நடத்துகின்றன. பாராட்டத்தக்க தொண்டு. எனினும் அவற்றின் பெரும்பகுதி, வரக்கூடிய வினாக்களை ஊகித்து விரைந்து விடை சொல்வதிற் கழிகின்றது. பரீட்சைக்கு ஒருமாதம் முன்னர் வந்து சொல்லப்படும் ஊகம், பரீட்சைக்கு இருபது மாதம் முன்னர் சொல்லப்படும் ஒரு விதிக்கு ஈடாகாது. அத்துடன் இக்கருத்தரங்குகள் மாவட்டத் தலைநகரின் பெரிய மண்டபத்திலேயே நடைபெறுகின்றன. தூரத்துக் கிராமப் பிள்ளை பேருந்துக் கட்டணம் கொடுத்து வந்து, பின்வரிசையில் அமர்ந்து, ஒலிபெருக்கியின் இரைச்சலைக் கேட்டுவிட்டுத் திரும்புகின்றது. பன்னிரண்டாம் தரம் தொடங்கும் முதல் மாதத்தில், இருபது பிள்ளைகளுடன் ஒரு வகுப்பறையில் ஒருநாள் இருந்தாற் போதும். கடந்த ஆண்டின் வினாத்தாள் ஒன்று, அதன் புள்ளியிடும் திட்டம், பெயர் நீக்கிய விடைகள் மூன்று. அவ்விடைகளுக்குப் பிள்ளைகளே புள்ளியிடட்டும். ஒருவர் எட்டும் மற்றவர் பதினான்கும் இட்டு வாதிடட்டும். பிற்பகலில் இசட் புள்ளியைக் கரும்பலகையில் ஒருமுறை கணித்துக் காட்டிவிட்டு, எந்தப் பாடத்தொகுதி எந்தப் பீடத்துக்குச் செல்லும் என்பதை எழுதி ஒட்டிவிட்டு வரலாம். நானாட்டானுக்கு மன்னாரிலிருந்து பேருந்து உண்டு.